இரண்டு வருஷ மிஷனரிப் பயணத்துக்கு சேலத்திலேயே தயாராகலாமா? கடைவீதி முதல் ஏற்காடு வரை ஒரு மதிப்பீடு

நீண்ட கால ஊழியத்துக்கு வெளிநாடு போகிறவர்கள், சபையில் பெயர் அறிவித்த மறுநாளே பெட்டி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெட்டி கடைசி வேலை. முதல் வேலை பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துப் பார்ப்பது, அடுத்தது பல் டாக்டர். இந்த வரிசை பிசகினால் வழியனுப்பு ஆராதனை முடிந்தும் ஆள் மாதக்கணக்கில் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான். ஞாயிறுதோறும் "இன்னும் கிளம்பலையா தம்பி?" என்ற கேள்வி வேறு.

சேலத்தில் எது முடியும், எது முடியாது, எது முடிந்தாலும் செய்யக்கூடாது என்று பார்ப்போம். கணக்குக்கு மலாவியை வைத்துக்கொள்ளலாம். மலேரியா, மின்வெட்டு, மலைக்குளிர், வழியில் எத்தியோப்பியா என்று ஆப்பிரிக்கப் பயணத்தின் சிக்கல்கள் பலவும் அதில் ஒன்றாக வந்துவிடுகின்றன. 1827இல் சேலத்தில் ஊழியம் தொடங்கிய அதே லண்டன் மிஷன் சங்கம்தான் பிறகு டேவிட் லிவிங்ஸ்டனையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. மலாவியின் பிளான்டயர் நகரம் அவர் பிறந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறது. நம் ஊருக்கும் அந்த நாட்டுக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர்கள் இதில் இல்லை. தெருவைச் சொன்னால் சேலத்துக்காரர்களுக்குப் போதும்.

காகித வேலையில் முதல் வில்லன் இனிஷியல். டிகிரி சான்றிதழில் 'டேவிட் ராஜா எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் 'டேவிட் ராஜா சாமுவேல்' ஆகியிருக்கும். ஞானஸ்நானச் சான்றில் 'ச. தாவீது ராஜா'. நமக்கு மூவரும் ஒரே ஆள். வேலை அனுமதி வழங்கும் அந்நிய நாட்டு எழுத்தருக்கு மூன்று ஆட்கள். நோட்டரி முன்னால் முத்திரைத்தாளில் 'இப்பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்' என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் மற்ற சான்றுகளோடு சேர்த்தே அனுப்புவது வழி. கலெக்டர் ஆபீஸ், கோர்ட் பக்கம் நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பழைய மாதிரியில் ஒரு பெயர்தான் இருக்கும். எல்லா வடிவங்களையும், எந்த ஆவணத்தில் எது என்பதோடு, நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாயில் ஒரு நாள் இறங்கி உறவினரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற திட்டம் அங்கேயே அடிபடலாம்.

பாஸ்போர்ட் புதிதாக எடுப்பதானால் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. ஐநூறு ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். அனுமதி, நீட்டிப்பு, பக்கத்து நாட்டுக்குப் போய் வருவது என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் பாஸ்போர்ட் சேவை மையம் சேலத்துக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். காவல் துறை நன்னடத்தைச் சான்றுக்கும் 2022 செப்டம்பர் முதல் அஞ்சலக மையங்களிலேயே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்று குறிப்பிட்ட ஒரு நாட்டின் பெயருக்கே கொடுக்கப்படும். பல நாடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழசானதை ஏற்பதில்லை. ஆகவே அழைக்கும் சபையின் கடிதம் கைக்கு வந்த பிறகு அதை வாங்குவதே சரி. முந்திக்கொண்டால் இரண்டாம் முறை வாங்க நேரிடும்.

அடுத்து, சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டுச் சான்றை மற்ற நாடுகளும் ஏற்கவைக்கும் சர்வதேச உடன்பாட்டின் முத்திரை. இந்தியா 2005இல் அந்த உடன்பாட்டில் சேர்ந்தது. மலாவியும் அதில் உண்டு, எனவே வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுவில்லை போதும். எத்தியோப்பியா, நேபாளம் போன்றவை அதில் இல்லை. அவற்றுக்குத் தூதரகத்திலும் ஒருமுறை சான்று வாங்கவேண்டும், காலமும் கூடும். டிகிரி என்றால் முதலில் சென்னையில் மாநில உயர்கல்வித் துறையின் சான்று, அதற்குப் பிறகே அமைச்சகம். அமைச்சகக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு வெறும் 50 ரூபாய். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்பது அலைச்சலுக்கான கூலி. குடும்பத்தோடு போகிறவர்கள் எட்டு பத்து ஆவணங்களை ஒரே கட்டாகக் கொடுத்தால் அந்தக் கூலி நியாயம்தான். ஒற்றைச் சான்றுக்கு நியாயமில்லை.

இங்கே ஒரு தனி எச்சரிக்கை: லேமினேஷன். நம் வீடுகளில் மார்க் ஷீட் வந்த அன்றே பிளாஸ்டிக் உறை போட்டுவிடுவார்கள். ஒட்டுவில்லை அசல் தாளின் முதுகில் ஒட்டப்படுவதால் லேமினேட் செய்ததை வாங்கமாட்டார்கள். ஜெராக்ஸ் கடைகளில் சூடு காட்டி உரித்துத் தருகிறார்கள். நல்ல கனமான தாளில் அச்சடித்தது தப்பிக்கும். லேசர் அச்சு என்றால் எழுத்து பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும். விளிம்பில் ஒரு விரற்கடை மட்டும் உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்து தூக்கினால் அதோடு நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் நகலுக்கு எழுதிப்போடுங்கள். கல்யாணச் சான்றில் வேறு பிழை வரும். ஆலயப் பதிவேட்டிலிருந்து ஆயர் எழுதித் தரும் நகல் சபைக்குப் போதும், வெளிநாட்டுக்குப் போதாது. பதிவுத் துறையின் சான்று வேண்டும்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக: சுற்றுலா விசாவில் இறங்கி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மலாவியில் தற்காலிக வேலை அனுமதி, தான்சானியாவில் 'சி' வகைக் குடியிருப்பு அனுமதி, கென்யாவில் சமய, தொண்டு அமைப்பினருக்கென்று 'ஐ' வகை என்று தனித்தனியே இருக்கின்றன. விண்ணப்பிக்கவேண்டியது அழைக்கும் சபை, நீங்கள் அல்ல. அந்தச் சபை அங்கே பதிவு பெற்றதா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஊசி விஷயத்தில் சேலத்துக்குப் பாதி மதிப்பெண்தான். ஹெபடைடிஸ் ஏ, பி, டைபாய்டு, டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஆகிய எல்லாம் இங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். காலண்டரில் முதலில் குறிக்கவேண்டிய தேதி அதுவே. வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசியைப் பலர் வீண் செலவு என்று தள்ளுகிறார்கள். கடி பட்ட பிறகு போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்து அங்கே கிராமத்து மருந்தகத்தில் கிடைக்காது என்பதுதான் அதைப் போடுவதற்குக் காரணம். முதல் நாளும் ஏழாம் நாளும் போட்டுவைத்தவருக்குக் கடி பட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசி போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை விடவே கூடாது. நாய் நக்கியதையும் பிராண்டியதையும் குழந்தைகள் வீட்டில் சொல்லமாட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் ஊரைவிட்டுப் போகவேண்டும். மத்திய அரசு அங்கீகரித்த மையத்தின் முத்திரை உள்ள மஞ்சள் நிறப் புத்தகம் இருந்தால்தான் செல்லும். சேலத்திலிருந்து வழக்கமாகப் போவது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள், முன்பதிவில்லாமல் ரயில் ஏறக்கூடாது. சான்று பத்து நாள் கழித்தே உயிர் பெறும். 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுளுக்கும் செல்லும், பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்பது பழைய கதை. மலாவியில் இந்த நோய் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 12 மணிநேரத்துக்கு மேல் இடைத்தங்கல் இருந்தாலே மலாவியில் புத்தகத்தைக் கேட்பார்கள். எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா பக்கம் இருந்துவிட்டுச் சான்றில்லாமல் ஊர் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். இன்னொன்று: இது உயிருள்ள கிருமி ஊசி. அம்மை ஊசிகளும் அப்படியே. இரண்டையும் ஒரே நாளில் போடவேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விடவேண்டும். சேலத்துக் குழந்தை டாக்டர் போன வாரம்தான் அம்மை ஊசி போட்டார் என்றால் கிண்டிப் பயணம் வீண். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், 60 வயதுக்கு மேல் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

மலேரியா மாத்திரை கேட்டால் நம் மருந்துக்கடைகளில் பழக்க தோஷத்தில் குளோரோகுயினை எடுத்து நீட்டுவார்கள். அதை வாங்கிப் பயனில்லை. மலாவி 1993இலேயே குளோரோகுயினைச் சிகிச்சையிலிருந்து கைவிட்டுவிட்டது, ஆப்பிரிக்காவில் அப்படிச் செய்த முதல் நாடு அது. தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும் ஒன்று, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, மலேரியாப் பகுதியைவிட்டு வெளியேறி நான்கு வாரம் வரை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். வெறும் வயிற்றில், ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் நிமிர்ந்து உட்காரவேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் வேகும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கூடாது. அட்டோவாகோன்-புரோகுவானில் என்ற மாத்திரைக்குப் பக்கவிளைவு குறைவு, திரும்பிய பின் ஏழு நாளில் நிறுத்தலாம், ஆனால் விலை அதிகம், முன்கூட்டிச் சொல்லி வரவழைக்கவேண்டும். வாரம் ஒன்று போடும் மெஃப்லோகுயின் மனச்சோர்வு, பதற்றம் இருந்தவர்களுக்கு ஆகாது. தனிமையும் புது ஊரும் சேரும் முதல் மூன்று மாதத்தில் இதை இலேசாக நினைக்கக்கூடாது. எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், மருந்துக்கடைக் கவுன்ட்டர் அல்ல.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு அட்டையோடு வாங்கி, மருந்தின் பொதுப்பெயரில் எழுதிய சீட்டும் பில்லும் வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப்போவது நம் அம்மாக்களின் வழக்கம். சுங்கத்தில் அதுவே சந்தேகம். வலிக்கான டிரமடால், பதற்றத்துக்கான அல்பிரசோலம் போன்றவை பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன.

பல், கண் இரண்டிலும் சேலம் முழு மதிப்பெண். ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கம் நல்ல பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேர் சிகிச்சைக்கு மூன்று நான்கு முறை போகவேண்டும், மேலே கேப் போட்டுக் கடித்துப் பார்த்துச் சரிசெய்ய இன்னும் சில வாரம். ஆகவே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு எக்ஸ்ரே. கண்ணாடி இரண்டு ஜோடி, பவர் சீட்டின் படம் போனில்.

இனி கடைவீதி. பழைய பஸ் ஸ்டாண்டு சுற்றிலும் கிடைக்கும் இரும்பு டிரங்குப் பெட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வாங்காதீர்கள். காலிப் பெட்டியே அனுமதி எடையில் கால்பங்கைச் சாப்பிட்டுவிடும், மூலை நசுங்கினால் மூடி பூட்டாது. பெரும்பாலான விமானங்களில் ஒரு உருப்படிக்கு 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டி 158 சென்டிமீட்டர். சக்கர சூட்கேஸும் காலியாகவே மூன்று நான்கு கிலோ. பை தைக்கிறவரிடம் கெட்டிக் கேன்வாஸில் 75க்கு 45க்கு 38 அளவில் தைத்து வாங்கினால் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். தைக்கக் கொடுக்கும்போது நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள்: அடித்துணி இரட்டை, நைலான் நூல், பெரிய பல் ஜிப், கைப்பிடிப் பட்டை பையின் அடிவரை சுற்றிவந்து தைக்கப்படவேண்டும். பட்டையை மேல்விளிம்பில் மட்டும் தைத்துவிட்டால் முதல் விமான நிலையத்திலேயே பிய்ந்துவிடும். கிழிந்தால் மலாவித் தையல்காரரும் தைத்துத் தருவார், சூட்கேஸ் சக்கரத்தை யார் மாற்றுவார்?

கொசுவலை விஷயத்தில் சேலத்துக் கடைகள் ஏமாற்றம். தொங்கும் வட்ட வலையும், மருந்து கலக்காத பெட்டி வலையும்தான் தொங்குகின்றன. வேண்டியது பூச்சிமருந்து இழையிலேயே கலந்த வலை, இருபது சலவை தாங்கக்கூடியது. ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் அப்படிப்பட்ட வலைகள் பக்கத்துக் கரூரிலேயே தயாராகின்றன. அங்கே சொல்லி வாங்குவது நல்லது. பெட்டி வடிவமே எடுங்கள். வட்ட வலை சரிந்து தோளிலும் முழங்காலிலும் ஒட்டும், ஒட்டிய இடத்தில் கொசு வெளியிலிருந்தே குத்தும். மெத்தைக்கடியில் ஒரு சாண் செருக மிச்சம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கூடவே பத்து மீட்டர் நைலான் கயிறு, நான்கு கொக்கி.

துணிக்கு முதல் அக்ரஹாரமும் கடைவீதியும் இருக்கும்போது கவலையில்லை. ஆனால் எந்தத் துணி என்பதற்கு ஒரு ஈ காரணம் சொல்கிறது. ஆப்பிரிக்காவின் டும்பு ஈ ஈரத்துணியில் முட்டை வைக்கும். அந்தத் துணியைப் போட்டால் புழு தோலுக்குள் புகுந்து கட்டி கட்டியாக வீங்கும். வெளியே காயப்போட்ட துணி ஒவ்வொன்றையும், உள்ளாடையும் குழந்தைத் துணியும் உட்பட, தையல் மடிப்புவரை நல்ல சூட்டில் இஸ்திரி போடவேண்டும். பாலியஸ்டர் அந்தச் சூட்டில் சுருங்கிவிடும், எலாஸ்டிக் இளகிவிடும். அதனால்தான் பருத்தி, முடிந்தால் நாடா வைத்தது. பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் உடை அவசியம். மலாவிப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சித்தென்ஜெ துணியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அதைக் கட்டிக்கொண்டு வந்தாலே அயல்வீட்டார் முகம் மலரும். பட்டுப்புடவை ஒன்று போதும். மீதியை அம்மா வீட்டு பீரோவில் விட்டுவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடைகளில் இறங்கினால் கை சும்மா இருக்காது. இருந்தாலும் மூன்று பொருள் போதும். ஒன்று, மூன்று லிட்டர் அலுமினியக் குக்கர். அதற்கு உதிரியாக காஸ்கெட் மூன்று, சேஃப்டி வால்வு இரண்டு, வெயிட் ஒன்று, கைப்பிடி ஒரு ஜோடி அதன் திருகாணியோடு. அங்கே கரி அடுப்பில், அவர்கள் மொழியில் ம்பாவுலாவில், சமைக்க நேரும்போது அனல் பக்கவாட்டில் வந்து பேக்லைட் கைப்பிடியைக் கருக்கிவிடும். கடைக்காரர் காஸ்கெட் எடுத்துக் கொடுத்ததும் மூடியில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். லிட்டர் ஒன்றாக இருந்தாலும் உள்மூடிக்கும் வெளிமூடிக்கும் அளவு வேறு. இரண்டாவது, தண்ணீர் வடிகட்டும் பீங்கான் கேண்டில் இரண்டும் ஒரு குழாயும். முழு எவர்சில்வர் ஃபில்டரைச் சுமக்கவேண்டாம். மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் வாளியை அங்கே வாங்கி, மேல்வாளியின் அடியில் கேண்டிலையும் கீழ்வாளியின் பக்கத்தில் குழாயையும் பொருத்தினால் அதே வேலை நடக்கும். கேண்டிலைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துக் கைப்பையில் கொண்டுபோங்கள். மயிரிழை விரிசல் விழுந்தாலும் கிருமி அதன் வழியாகவே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அதைத் தேய்க்கப் பிரஷ் போதும், சோப்பு கூடாது. கேண்டில் வைரஸைப் பிடிக்காது, ஆகவே வடிகட்டிய பின் கொதிக்கவும் வைக்கவேண்டும். மூன்றாவது இட்லித் தட்டு. அது பிரயோஜனத்துக்காக அல்ல, மனசுக்காக.

கிரைண்டர் வேண்டாம். மிக்ஸி யோசித்து: 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. லீ பஜாரில் மஞ்சள்தூள், மல்லித்தூள், பெருங்காயம், புளி இரண்டிரண்டு பாக்கெட், அச்சடித்த ஒட்டுத்தாளோடு. விதை எதுவும் கூடாது. கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் விமானத்தில் ஏறாது. சேலத்துக்காரர்கள் பாசத்தில், மரவள்ளியில் செய்த ஜவ்வரிசியைக் கட்டுவார்கள். மலாவியின் ஏரிக்கரை மக்களுக்கு மரவள்ளிதான் சாப்பாடே, அதனால் அதை இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். நாம் அவித்துத் தின்பது இனிப்பு ரகம். அங்கே கசப்பு ரகமும் பயிராகிறது, அதில் சயனைடு அதிகம். நாட்கணக்கில் ஊறவைத்து, புளிக்கவிட்டு, காயவைத்தே மாவாக்குகிறார்கள். அவசரத்தில் பக்குவம் குறைந்ததைத் தொடர்ந்து தின்ற ஊர்களில், காங்கோவிலும் மொசாம்பிக்கிலும், கொன்சோ என்னும் கால் முடக்கம் வந்திருக்கிறது. சந்தையில் வாங்கிய கிழங்கை நம் ஊர்போல உரித்து அவித்துவிடாமல், எந்த ரகம் என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கேட்டுவிட்டு அடுப்பில் வையுங்கள்.

மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதேபோல. பிளக் மட்டும் மூன்று சதுர முள். கடையில் விற்கும் 'எல்லா நாட்டுக்கும் ஒன்று' அடாப்டர் பலவற்றில் எர்த் கிடையாது, இஸ்திரிப்பெட்டி மாட்டினால் உருகும். நல்ல ஐ.எஸ்.ஐ. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிப்போய், அங்கே அதன் பிளக்கை வெட்டிவிட்டு உள்ளூர் பிளக் மாட்டினால் வீட்டுச் சாமான் அத்தனைக்கும் அது போதும். பவர் பேங்க் 100 வாட்-அவர் வரை, அதாவது ஏறத்தாழ 27,000 எம்.ஏ.எச்., கைப்பையில் மட்டும். சரக்கில் போட்டால் பையை நிறுத்திவைப்பார்கள்.

இதெல்லாம் சேர்ந்த பிறகு ஒத்திகைக்கு ஏற்காடு. சேலம் தரும் வசதிகளில் ஆகச் சிறந்தது அதுதான், ஆனால் இந்தக் கணக்கில் யாரும் அதை நினைப்பதில்லை. மலாவியின் டெட்சா என்ற ஊர் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் குக்கரின் அருமை தெரியும். மே மாதம் சேலத்து வெயிலில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு ஸ்வெட்டர் ஞாபகம் வராது. மலாவியில் குளிர்காலம் ஜூனும் ஜூலையும், இறங்கிய வாரமே நடுக்கம். தியான இல்லங்களும் துறவற மடங்களும் நிறைந்த மலை ஏற்காடு, தனியாகப் போகிறவர்களுக்கு அவை பொருத்தம். குழந்தைகள் இருந்தால் சமையலறை உள்ள வீடு எடுங்கள், மௌனம் காக்கும் இல்லத்தில் இரு பக்கமும் சங்கடம். ஜனவரியில் மூன்று இரவு போதும். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, வாடகையும் கட்டாது.

அந்த மூன்று நாளில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வாழ்ந்து பாருங்கள். வலையை ஆணி அடிக்காமல் கட்டுங்கள். சோலார் விளக்கை மூடுபனியில் சார்ஜ் போட்டால் அட்டையில் எழுதியிருக்கும் மணிக்கணக்கில் எவ்வளவு பொய் என்று தெரிந்துவிடும். வாளி ஃபில்டர் ஒரு இரவில் எத்தனை லிட்டர் தருகிறது, அது நாலு பேருக்குக் காணுமா என்று அளந்து எழுதுங்கள். எடுத்துப்போன பையில் மூன்று நாளும் தொடாத பொருளைத் தனியே வையுங்கள், அதில் பாதி ஆப்பிரிக்காவிலும் தொடப்படாது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிய பிறகு பைத் தையல் எங்கே விட்டிருக்கிறது என்பதையும் ஒரு பார்வை.

கடைசி மாதத்தில் போன். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாமே ஓ.டி.பி.யில் நிற்கின்றன. நம் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங்கை இங்கேயே திறந்து, ரீசார்ஜ் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். 90 நாள் உபயோகமே இல்லாத எண் துண்டிக்கப்பட்டு இன்னொருவர் கைக்குப் போய்விடலாம். பவர் ஆஃப் அட்டர்னி எழுதுவதானால் கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். அங்கிருந்து எழுதி அனுப்பினால் சான்றொப்பமும், இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வையும் வேண்டும். பயணக் காப்பீடு பெரும்பாலும் 180 நாளுக்குத்தான், இரண்டு வருஷத்துக்கு வேறு வகை கேட்டு, அவசர விமான மருத்துவ மாற்றம் அதில் உண்டா என்று வரி வரியாகப் படிக்கவேண்டும். டாலர் ரொக்கம் ஒரு பயணத்துக்கு 3,000 வரைதான், மடிப்பில்லாத புது நூறு டாலர் தாள்களாகக் கேளுங்கள். பழைய அச்சையும் கிழிசலையும் அங்கே வாங்கமாட்டார்கள். சபையின் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து மாதாமாதம் அனுப்பிவிடலாம் என்று கமிட்டி தீர்மானம் போடும் முன் ஆடிட்டரைக் கேட்கட்டும். அறக்கட்டளைப் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்குக்கு நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும்.

புறப்பாடு. காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறதே என்று ஆசைப்படவேண்டாம். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் அனுமதி வழக்கமாக 15 கிலோதான், உங்களிடம் இருப்பது இரண்டு 23. அடிஸ் அபாபா வழியே போகிறவர்களுக்குப் பெங்களூரு பக்கம், வாடகை வண்டியில் தேசிய நெடுஞ்சாலை 44. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று நின்றுவிட்டால் மணிக்கணக்கில் போகும், ஓசூர் தாண்டியதும் நெரிசல், விமான நிலையமோ ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில். நள்ளிரவு விமானத்துக்கு மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பினால் சரியாக இருக்கும். வழியனுப்ப வருகிறவர்களின் வேன் பின்னால் வரட்டும், பைகளும் பாஸ்போர்ட்டும் முன்வண்டியில்.